உறைக்குள் ஒரு கப்பல்

எங்கள் வீட்டில் சித்திரக்கதைக்குப் பெயர் பொம்மைப் புத்தகம். பெயர் வைத்தது உம்மா. "அது சித்திரக்கதை உம்மா" என்று எத்தனையோ தரம் திருத்திப் பார்த்துவிட்டேன். "ஓம், அதத்தான் நானும் சொல்றன்" என்பார். கணிதத்துக்கு நான் நாற்பத்தொரு புள்ளி எடுத்த தவணையிலிருந்து அந்தப் பெயருக்கு முன்னால் 'முஸீபத்துப் புடிச்ச' என்ற ஏச்சும் சேர்ந்துகொண்டது.

கணிதத்தைக் கண்டுபிடித்தவர்கள்மீது எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. அதை இங்கே சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை.

என் பெயர் ஸம்றா. கல்முனைக்குடியில் கடற்கரைக்கு இரண்டு ஒழுங்கை உள்ளே எங்கள் வீடு. எனக்கு இந்த உலகத்தில் மிகவும் பிடித்த மனிதர் டாக்டர் நங்கூரம். அவர் ஒரு கப்பல் வைத்தியர். துறைமுகம் துறைமுகமாகப் போய்க் கள்ளக்கடத்தல், கொலை, காணாமற்போன கப்பல் எல்லாவற்றையும் துப்புத் துலக்குவார். ஆனால் கப்பலில் ஏறினாலே அவருக்குக் குமட்டிக்கொண்டு சத்தி வரும். ஒரு கதையில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு நின்ற கடத்தல்காரனின் சப்பாத்திலேயே எடுத்துவிட்டார். அவன் அருவருத்துக் கீழே பார்த்த நேரத்தில் துப்பாக்கி பறந்தது. அந்தப் பக்கத்தில் 'சளார்' என்று பச்சை எழுத்தில் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் வந்து, உம்மா சீனி கொண்டுவந்து வாயில் போட்டார். எதற்குச் சிரித்தேன் என்று கேட்டபோது பூனை என்று சொல்லிச் சமாளித்தேன்.

டாக்டர் நங்கூரம் எனக்குக் கிடைத்தது கணித டியூசன் வகுப்பில். கல்முனை பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருந்த அந்த வகுப்பில் என்னைச் சேர்த்ததும் உம்மாதான். முதல் நாளே என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பாண்டிருப்பு யசோதினி. படிப்பிக்கிற சேர் பலகையில் முக்கோணம் கீறிக்கொண்டிருக்க, அவள் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரு கப்பல் கீறிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே நாங்கள் சினேகிதிகளாகிவிட்டோம்.

புத்தகங்கள் அவளுடையவை அல்ல. அவளுடைய அண்ணன் பவிதரனுடையவை. அவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறார். வீட்டில் அவருக்கென்று ஒரு சின்ன அலுமாரி. அதற்குள் அறுபத்திரண்டு சித்திரக்கதைகள், ஒவ்வொன்றும் தனித்தனிப் பொலித்தீனுக்குள், இலக்கப்படி அடுக்கி. அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் சட்டம் எழுதி ஒட்டியிருக்கிறாராம். கை கழுவாமல் தொடக்கூடாது. எண்ணெய்ப் பலகாரம் தின்றுகொண்டு வாசிக்கக்கூடாது. விரலை நக்கிப் பக்கம் புரட்டக்கூடாது. வீட்டை விட்டு வெளியே ஒரு புத்தகமும் போகக்கூடாது. விடுமுறைக்கு வந்தால் பேக்கை இறக்கிவைத்துச் சாப்பிட முதல் அறுபத்திரண்டையும் எண்ணிப் பார்ப்பாராம். சாவியைக் கையோடு கொண்டுபோய்விடுவார். ஆனால் குசினி அலுமாரியின் சாவி அதற்கும் பொருந்தும் என்பது யசோதினிக்கு மட்டும் தெரிந்த இரகசியம்.

அப்படித்தான் ஒவ்வொன்றாக வந்தன. அவள் கொப்பிக்குள் வைத்துக் கொண்டுவருவாள், நான் இரண்டு மூன்று நாளில் வாசித்துத் திருப்பிக் கொடுப்பேன். ஆறு புத்தகம் ஒரு கீறல் விழாமல் போய் வந்தன. ஏழாவதில்தான் எல்லாம் வந்து முடிந்தது.

ஏழாம் இலக்கத்தின் பெயர் 'ஏழாவது கப்பல்'. அது திரும்ப அச்சில் வரவேயில்லை. பவிதரன் மூன்று வருஷம் தேடி, கொழும்பில் யாரோ ஒருவரிடம் கெஞ்சி வாங்கியது. கொடுக்கும்போதே யசோதினியின் முகம் சரியில்லை.

"இதுக்கு மட்டும் ஒண்டு நடந்துதெண்டால் அண்ணன் என்னோட கதைக்கவே மாட்டார். கவனம்கா" என்றாள்.

"நான் எப்பயாவது கவனமில்லாம இருந்தனா?" என்று கேட்டேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் ஒரே மூச்சில் வாசித்தேன்; ஏழு கப்பலிலும் இரட்டைக் கப்டனைத் தேடி, டாக்டர் நங்கூரம் ஏழாவது கப்பலின் கதவைத் திறக்கிற இடத்தில் 'தொடரும்' என்று போட்டு முடித்திருந்தார்கள். திருப்பிக் கொடுக்கும்வரை மேசையில் வைத்தால் உம்மா காண்பார். தலையணைக்குள் வைத்தால் உம்மா காண்பார். எங்கள் வீட்டில் உம்மா காணாத இடம் என்று ஒன்றும் இல்லை. அதனால் என் சரித்திரப் பாடநூலுக்குள் வைத்தேன். பாடநூல்களுக்கு வருஷத் தொடக்கத்தில் உம்மா மண்ணிறத் தாளில் உறை போட்டு, அதன் மேல் பொலித்தீனும் போட்டுத் தருவார். அந்த உறைக்கும் பின் அட்டைக்கும் இடையில் கை நுழைகிற அளவு இடம் இருந்தது. 'ஏழாவது கப்பல்' மெல்லிய புத்தகம். அளவெடுத்துத் தைத்த சட்டையைப் போல உள்ளே போய் இருந்துகொண்டது. வெளியே தடவிப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. என்னை நானே மெச்சிக்கொண்டேன். டாக்டர் நங்கூரத்தின் எதிரிகள் எல்லாரும் பிடிபடுவதற்கு முந்தின பக்கத்தில் இப்படித்தான் தங்களைத் தாங்களே மெச்சிக்கொள்வார்கள்.

அன்று பின்னேரமே எனக்குக் காய்ச்சல். மூன்று நாள் கண் திறக்கவில்லை. டெங்குவாக இருக்குமோ என்று இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், அது இல்லை. நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்து, கஞ்சி குடித்து, டாக்டர் நங்கூரத்தின் ஞாபகம் வந்து மேசையைப் பார்த்தால் மேசை வெறுமையாக இருந்தது.

"உம்மா, என்ட புத்தகங்கள் எங்க?"

"செவ்வாக்கிழம புத்தகம் ஒப்படைக்கிற நாளெல்லா. நீ எழும்பாமக் கிடந்தாய். நானே கொண்டுபோய்க் குடுத்திட்டு வந்தன்" என்றார் உம்மா, கோப்பையைக் கழுவிக்கொண்டே.

பாடநூல்கள் அரசாங்கம் இலவசமாகத் தருபவை. வருஷ முடிவில் அவற்றைப் பாடசாலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும். அடுத்த வருஷம் எங்களுக்குக் கீழே படிக்கும் பிள்ளைகளுக்கு அவை போகும். இது எனக்குத் தெரியாததா? தெரியும். புத்தகத்தை ஒளித்துவைத்த சாமர்த்தியத்தில் அது மறந்துபோய்விட்டது. காய்ச்சல் திரும்ப ஏறியதுபோல் இருந்தது.

உம்மாவிடம் கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை. ஆனால் கேட்டால் பொம்மைப் புத்தகம் வெளியே வரும், பொம்மைப் புத்தகம் வந்தால் யசோதினி வருவாள், யசோதினி வந்தால் டியூசன் நிற்கும். கணிதம் நிற்பதில் எனக்குக் கவலையில்லை. யசோதினி நின்றுவிடுவாள். அதனால் வாயை மூடிக்கொண்டு வீட்டைக் கிளறினேன். தவறுதலாக அது பாடநூலிலிருந்து வழுக்கி விழுந்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. கட்டிலுக்குக் கீழே, உடுப்பு அலுமாரிக்குப் பின்னால், தையல் மெஷினுக்கு அடியில் எல்லாம் தேடினேன்.

"என்னத்தத் தேடுறாய் மகள்?" என்று உம்மா கேட்டார்.

"கணிதக் கொப்பி."

"ஆ. தேடு, தேடு" என்றார். அவர் நின்று என்னைப் பார்த்த விதம் ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. கணிதக் கொப்பி கதவுக்குப் பின்னால் பேக்கில் தொங்கிக்கொண்டிருந்ததை நான் பிறகுதான் கண்டேன்.

விடுமுறை விட்டாகிவிட்டது. ஆனால் ஒப்படைத்த பாடநூல்களைத் தரம் பிரிப்பதற்கு முஸ்பிறா டீச்சர் பாடசாலைக்கு வருவார் என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை காலை, சரித்திரப் புத்தகத்துக்குள் ஒரு சான்றிதழை வைத்துவிட்டேன் என்று உம்மாவுக்கும் டீச்சருக்கும் ஒரே பொய்யைச் சொல்லிக்கொண்டு போனேன். இரண்டு பேருக்கும் வெவ்வேறு பொய் சொன்னால் மாட்டிக்கொள்வோம் என்பது டாக்டர் நங்கூரத்திடம் படித்தது.

களஞ்சிய அறையில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள் பாடம் பாடமாகக் கட்டிக் கிடந்தன. முஸ்பிறா டீச்சர் மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு நடுவில் ஒரு கதிரையில் இருந்தார்.

"சான்றிதழா? என்ன சான்றிதழ் புள்ள?" என்றார்.

"சித்திரப் போட்டிச் சான்றிதழ் டீச்சர்."

"மூணாமிடத்துக்குக் குடுத்ததா? அதுக்கா இந்த ஓட்டம் ஓடி வந்தாய்?" என்று சிரித்துவிட்டு, தரம் ஒன்பது சரித்திரக் கட்டைக் காலால் காட்டினார். "தேடிப்பாத்திட்டு வந்த மாதிரியே கட்டி வெச்சிரு."

ஒவ்வொரு பாடநூலின் முன் அட்டைக்கு உள்ளேயும் பாடசாலை முத்திரை குத்தி, எந்த வருஷம் யாரிடம் இருந்தது என்று பெயர் எழுதியிருக்கும். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டு போனேன். தும்மல் தும்மலாக வந்தது. எண்பதுக்கு மேல் போன பிறகு என் பெயரைக் கண்டேன்.  பின் அட்டைக்குள் விரலை விட்டேன்.

ஒன்றும் இல்லை.

அப்போதுதான் உறையைப் பார்த்தேன். மண்ணிறத் தாளைக் காணவில்லை. வெள்ளைத் தாளில் புது உறை போட்டிருந்தது. விளிம்பைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே வாப்பாவின் புடைவைக் கடைப் பெயர். போன வருஷ நாட்காட்டித் தாள்! வாங்கியதைப் போலவே கொடுக்க வேண்டும் என்று உம்மா ஒன்பது புத்தகத்துக்கும் பழைய உறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது உறை போட்டுக் கொடுத்திருக்கிறார். வேறு எந்த உம்மாவாவது இப்படிச் செய்வாரா? கட்டில் இருந்த மற்றப் புத்தகங்களைப் பார்த்தேன். பாதிக்கு உறையே இல்லை. ஒன்றில் மீன் ஆணம் கொட்டி மஞ்சள் கறை பிடித்திருந்தது. எங்கள் வீட்டில் மட்டும்தான் திருப்பிக் கொடுக்கிற புத்தகத்துக்கு மாப்பிள்ளைச் சோடினை.

அப்படியானால் பழைய உறை எங்கே?

வீட்டுக்கு ஓடி வந்து பின் வளவுக்குப் போனேன். உம்மா சனிக்கிழமைகளில் குப்பையைக் கூட்டிக் கிணற்றுக்கு அப்பால் எரிப்பார். சாம்பல் கிடந்தது. ஒரு ஈர்க்கில் கட்டையால் கிளறினேன். கருகிய பொலித்தீன் உருண்டை ஒன்று வந்தது. அதில் மண்ணிறத் தாளின் ஒரு மூலை ஒட்டியிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மூன்று வருஷம் தேடிய புத்தகம், ஏழு கப்பல், இரட்டைக் கப்டன், எல்லாம் ஒரு சனிக்கிழமையில் சாம்பலாகிப் போய்விட்டன.

"அங்க என்ன புள்ள செய்றாய்?" உம்மா குசினி வாசலில் நின்றார்.

"ஒண்டுமில்ல."

"கணிதக் கொப்பியா?"

"ஓம்" என்றேன். எனக்கே கேட்க வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை டியூசனில் யசோதினியிடம் சொல்லிவிட்டேன். மறைக்க முடியவில்லை. அவள் ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் ஏசவில்லை. பேனை மூடியைக் கழற்றுவதும் போடுவதுமாக இருந்தாள்.

"அண்ணன் வெள்ளிக்கிழமை வாறார்" என்றாள் கடைசியில்.

"தெரியும்."

"வந்தோடன எண்ணுவார்."

"தெரியும் யசோ."

"சாவி பொருந்துற விசயமும் தெரிஞ்சுபோகும். அறுபத்திரண்டையும் பேராதனைக்கே கொண்டுபோயிருவார்." பேனையை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். "உங்கட உம்மாட்டக் கேட்டியா?"

"உம்மா எரிச்சிட்டாவே. இனி என்னத்தக் கேக்கிற?"

"கேட்டியா, இல்லையா?"

நான் பலகையைப் பார்த்தேன். அவள் கொப்பியை எடுத்துப் பேக்கில் போட்டுக்கொண்டு, வகுப்பு முடிவதற்கு முன்பே எழுந்து போனாள். போகும்போது வழக்கமாக என் தலையில் தட்டிவிட்டுப் போவாள். அன்றைக்குத் தட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வியாழக்கிழமை முழுக்கக் கேட்க நினைத்து நினைத்துக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை வாப்பா ஜும்ஆத் தொழுகைக்குப் போன பிறகு வீட்டில் நானும் உம்மாவும் மட்டும். உம்மா இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே குந்தினேன். பவிதரன் வருகிற கண்டி பஸ் இந்த நேரம் அம்பாறையைத் தாண்டியிருக்கும் என்று மனம் கணக்குப் போட்டது. கணிதத்தில் வராத கணக்கெல்லாம் பயத்தில் வந்தது.

"உம்மா."

"ம்."

"என்ட சரித்திரப் புத்தக உறைக்குள்ள ஒண்டு இருந்திச்சு."

உம்மா இறாலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "என்ன இருந்திச்சு?"

"பொம்மைப் புத்தகம்" என்றேன். சித்திரக்கதை என்று சொல்லும் தைரியம் அன்றைக்கு இருக்கவில்லை. "என்டது இல்ல. யசோதினிட அண்ணன்ட. அவருக்குத் தெரியாம எடுத்தது. நீங்க எரிச்சிட்டீங்களா?"

உம்மா கையிலிருந்த இறாலைக் கோப்பையில் போட்டார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எரிக்கிறதா? ஆர்ரயோ புள்ளையிட பொருள நான் எரிப்பனா? என்ன ஆரெண்டு நெனச்சாய்?"

"அப்ப...?"

"உறையக் கழட்டக்குள்ள விழுந்திச்சு. தொறந்து பாத்தன். உள்ளுக்குப் பேரு எழுதி இரிக்கி. பவிதரன், பாண்டிருப்பு ரெண்டு எண்டு. நம்மட பால்காரர் செல்லத்தம்பி அண்ணன் அந்தப் பக்கமெல்லா. ஆளத் தெரியுமா எண்டு கேட்டன். பக்கத்து வளவுதான் எண்டார். நல்லாச் சுத்தி ஒட்டி, அண்டைக்கே குடுத்தனுப்பிட்டன்."

 பத்து நாள்! பத்து நாள் நான் சாம்பல் கிளறி, தூசி தின்று, அழுது, சினேகிதியை இழந்து திரிந்தபோது 'ஏழாவது கப்பல்' பால் சைக்கிளில் ஏறிப் பாண்டிருப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டிருந்தது.

"ஏன் எனக்குச் சொல்லல்ல?" என்று கத்திவிட்டேன்.

"நீ ஏன் கேக்கல்ல?" உம்மாவும் குரலை உயர்த்தினார். "கேப்பாய், கேப்பாய் எண்டு பாத்துக்கிட்டே இரிக்கன். கட்டிலுக்குக் கீழ தேடுறாய், சாம்பலுக்குள்ள தேடுறாய், என்ட வாயில மட்டும் தேடல்ல. பொம்மைப் புத்தகம் பாக்கிறாய் எண்டு நான் ஏசுவன், அது உண்மதான். ஆனா எனக்குக் கோவம் அதுல இல்ல மகள். அது ஒரு புள்ளையிட அமானிதம். அமானிதத்த வாங்கினா நம்மட பொருளவிடப் பத்திரமா வெக்கணும், கேட்ட நேரத்துல குடுக்கணும். அத நீ கொண்டுபோய்ப் பாடசாலைக்குக் குடுக்கிற புத்தகத்துக்குள்ள செருகி வெச்சிரிக்காய். நான் பழைய உறையோடயே குடுத்திருந்தா? அந்தப் புள்ளைக்கு நாளைக்கு மறுமையில ஆரு பதில் சொல்ற? நீயா, நானா?"

எனக்கு அழுகை வந்தது. பயத்தில் வந்த அழுகை இல்லை. பத்து நாளாக நெஞ்சில் ஏறி இருந்த பாரம் இறங்கும்போது வரும் அழுகை. உம்மா இறால் கையோடு என்னை அணைக்க முடியாமல் முழங்கையால் தோளை இடித்தார்.

"சரி, சரி. மூக்கத் தொட."

மூக்கைத் துடைக்கும்போதுதான் அடுத்த பயம் வந்தது. "உம்மா, ஆர்ர கையில குடுத்த?"

"அந்தப் புள்ளையிட தாய்ட கையில குடுத்தாராம். மகன் வந்தாக் குடுங்க எண்டு. உள்ளுக்கு ஒரு கடிதமும் வெச்சன்."

"கடிதமா?"

"பின்ன? சும்மா அனுப்புறதா? மகன், உங்கட அமானிதத்த என்ட மகள் கவனமில்லாம வெச்சிட்டா, மன்னிச்சிக்கொள்ளுங்க எண்டு எழுதினன்."

யசோதினி! அவளுக்கு இந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. புத்தகம் எரிந்துவிட்டதென்று நினைத்துக்கொண்டு அங்கே என்ன சொல்லிச் சமாளிக்கிறாளோ. உம்மாவின் போனைப் பறித்து அவளுடைய அம்மாவின் இலக்கத்துக்கு அடித்தேன். உம்மா கையைக் கழுவிவிட்டு வந்து, "பெரியாக்களோட கதைக்கிறது நான்" என்று போனை வாங்கிக்கொண்டார். முதலில் சுகம் விசாரித்தார். பிறகு மழை. பிறகு தேங்காய் விலை. நான் காலை மாற்றி மாற்றி நின்றேன். கடைசியாகத்தான் விஷயத்துக்கு வந்தார்.

"ஓம் ஓம், வந்திட்டாரா? ஆ, குளிக்கிறாரா? அந்தப் பார்சல் அவர்ர மேசையிலயா? சரி. இஞ்ச என்ட மகள் நிக்கிறா, உங்கட மகளோட ஒரு வார்த்த கதைக்கணுமாம்."

"யசோ, புத்தகம் எரியல்ல" என்றேன் ஒரே மூச்சில். "உங்கட அண்ணன்ட மேசையில ஒரு பார்சல் இருக்காம். அதுக்குள்ள இருக்கு. உம்மா அனுப்பிட்டாவாம். பத்து நாளாயிட்டாம்."

 அந்தப் பக்கம் ஓடும் சத்தம், கதவுச் சத்தம், ஒரு ஆணின் குரல். எங்கள் ஒழுங்கையில் ஜும்ஆ முடிந்து வரும் மோட்டார் சைக்கிள்களின் இரைச்சலில் ஒன்றும் பிடிபடவில்லை. நான் போனைக் காதில் வைத்து அழுத்தியதில் காது சுட்டது.

"ஸம்றா" என்றாள் யசோதினி, மெதுவாக. "அண்ணன் பிரிச்சிட்டார். கடிதத்த வாசிக்கிறார்."

"ஏசுறாரா?"

"இல்ல. திரும்பவும் வாசிக்கிறார். இரு... புத்தகத்த மூக்கில வெச்சு மணந்து பாக்கிறார். பால் மணக்குதாம்." அவள் குரலில் ஒரு சிரிப்புத் தொடங்கி நின்றது. "இந்த உறை ஆரு போட்டதெண்டு கேக்கிறார்."

"உறையா?" நான் உம்மாவைப் பார்த்தேன்.

"பின்ன, வெறும் புத்தகத்தயா அனுப்புற?" என்றார் உம்மா. "மூல மடங்கக் கிடந்திச்சு. கடுதாசி மிச்சம் இருந்திச்சு, அதுக்கும் ஒரு உறை போட்டன். பசை படாம மடிச்சுத்தான் போட்டன்."

யசோதினி அதை அப்படியே அண்ணனிடம் சொன்னாள். பசை படாமல் மடித்த செய்திக்கு அந்தப் பக்கம் ஏதோ பதில் வந்தது.

"சாவி விசயத்துக்கு எனக்குப் பிறகு இருக்காம்" என்றாள். "ஆனா ஸம்றா, அவர் கோவமா இல்ல. சோறு கேக்கிறார். எண்ணாமலே சோறு கேக்கிறார்!"

அன்றைக்கு நான் மூன்று தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். இறால் அவ்வளவு ருசியாக இருந்ததா, இல்லை பத்து நாளாக எதுவும் ருசிக்காமல் இருந்ததா என்று தெரியவில்லை. வாப்பா என் கோப்பையைப் பார்த்துவிட்டு, "புள்ளைக்குக் காய்ச்சல் நல்லா விட்டிட்டுப் போல" என்றார். நானும் உம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. பார்த்திருந்தால் சிரித்திருப்போம்.

அடுத்த நாள் காலை செல்லத்தம்பி அண்ணன் வாசலில் மணி அடித்தார். பாலை ஊற்றிவிட்டு, சட்டைக்குள் கையை விட்டு ஒரு பார்சலை எடுத்தார். "இந்தா தங்கச்சி, கவனம். நனைஞ்சால் என்னை உயிரோட விடமாட்டானாம் அந்தப் பொடியன்" என்று உம்மாவிடம் கொடுத்தார்.

என்னிடம் இல்லை, உம்மாவிடம். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

உள்ளே எட்டாம் இலக்கம். செய்தித்தாளில் உறை போட்டிருந்தது. இவ்வளவு கோணலான உறையை நான் கண்டதில்லை. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் கட்டை. உம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கம்பசுல இதெல்லாம் படிப்பிக்கிறல்லயாக்கும்" என்றார். ஒரு கடிதமும் இருந்தது. உம்மா சத்தமாக வாசித்தார்.

'அம்மாவுக்கு, புத்தகம் கிடைத்தது. நான் வைத்திருந்ததை விட நல்லபடியாக வந்திருக்கிறது. ஏழாவதை வாசித்தவர்கள் எட்டாவதை வாசிக்காமல் இருக்க முடியாது, அதனால் அனுப்புகிறேன். இதை உங்களை நம்பித்தான் தருகிறேன். தங்கச்சி கேட்டால் நீங்கள் பார்த்துக் கொடுங்கள். இதற்கும் நீங்களே ஒரு உறை போட்டுத் தந்தால் பெரிய உதவி. பவிதரன்.'

உம்மா கடிதத்தை மடித்தார். அந்தக் கோணல் உறையைக் கழற்றினார். நாட்காட்டித் தாள் ஒன்றை எடுத்து, விளிம்பை நகத்தால் நீவி நீவி, பசை இல்லாமல் புது உறை போட்டார். அரை மணித்தியாலம் எடுத்தது. இடையில் இரண்டு மூன்று இடத்தில் பக்கத்தைப் புரட்டியபடி நின்றதையும் நான் கண்டேன்.

"இந்த டொக்டர் ஏன் எந்த நேரமும் சத்தி எடுக்கான்? இஞ்சி டீ குடிச்சா நிக்குமே" என்றார்.

பிறகு ஷோகேஸைத் திறந்து, விருந்தாளிகள் வந்தால் மட்டும் எடுக்கும் தேத்தண்ணிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் புத்தகத்தை நிறுத்திவைத்து, கண்ணாடியைச் சாத்தினார். சாத்திவிட்டுக் குசினிக்குப் போனார்.

இது அநியாயம் என்று எனக்குக் கோபம் வந்தது. எட்டாவது கதை எனக்காக வந்தது. ஏழாவது கப்பலின் கதவைத் திறந்தபோது உள்ளே யார் நின்றது என்று தெரியாமல் பத்து நாள் தவித்தவள் நான். கண்ணாடிக்குள் டாக்டர் நங்கூரத்தின் புத்தகம் வெள்ளை உறையோடு நின்றது. கையை நீட்டினால் எட்டும். பூட்டும் இல்லை. உம்மா குசினியில். டக்கென்று எடுத்துக் கணிதக் கொப்பிக்குள் வைத்தால் யாருக்குத் தெரியும்?

கையை நீட்டவில்லை. குசினிக்குப் போனேன்.

"உம்மா."

"ம்."

"அந்தச் சித்திரக்கதையத் தாங்க. வாசிக்கணும்."

உம்மா வெங்காயம் அரிவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பொம்மைப் புத்தகம் என்று திருத்துவார் என்று காத்து நின்றேன்.

"கையக் கழுவிட்டு வா" என்றார்.

சவர்க்காரம் போட்டு இரண்டு தரம் கழுவினேன்.